நான்கு சில்லு இழுவை வானும் ஈரநிலமும்

மாரிகாலத்தில் அனலைதீவின் தோட்டங்களிலிருந்து மரக்கறியை இறங்குதுறைக்குக் கொண்டுசெல்லும் கமக்காரர், வள்ளம் புறப்படும் நேரத்தைக் கணக்கிட்டே வீட்டைவிட்டுக் கிளம்புவர். வழியில் வான் புதைந்தால் அன்றைய சரக்கு ஊர்காவற்றுறையைச் சேராது. நான்கு சில்லும் இழுக்கும் வான் எங்கும் போகும் என நம்பிச் சேற்றில் இறக்கியோரே பெரும்பாலும் இவ்வாறு அகப்படுகின்றனர்.

எஞ்சினின் வலு எவ்வளவாயினும், ரயர் நிலத்தைப் பற்றும் பிடிக்கு மேல் இழுவை கிடையாது. அப்பிடி, சில்லின்மேல் உள்ள பாரத்தையும் நிலத்தின் தன்மையையும் பொறுத்தது. சரக்குடன் 2,000 கிலோ நிறையுள்ள வானை எடுத்துக்கொள்வோம். உலர்ந்த தார் வீதியிற் பிடி, பாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு. ஈரக் களியில் மூன்று பங்கு, சில இடங்களில் அதனிலும் குறைவு. பாரம் நான்கு சில்லிலும் சமமாயின், அக்களியில் இரு சில்லுகள் 300 கிலோ அளவே இழுக்கும். நான்கும் சேர்ந்தால் 600 கிலோ. அதற்குமேல் எஞ்சினை முடுக்கினால் சில்லு சுழன்று குழி தோண்டும்.

பிறிதொரு குறையும் உண்டு. உழும்போது நுகத்தின் ஒருபக்கத்து எருது இழுப்பை விட்டால், நுகம் திரும்பிவிடும். மற்ற எருது வலியதாயினும் அதன் இழுப்பு ஏரைச் சேராது. அச்சின் நடுவிலுள்ள டிபரன்சல் அந்நுகம் போன்றது. ஒரு சில்லு வழுக்கிச் சுழன்றால், அதன் இணைச் சில்லுக்கும் அதேயளவு சிறு விசையே செல்லும். ஆகவே முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றும் வழுக்கினாற் போதும், வான் நின்றுவிடும். வரம்பைச் சாய்வாகக் கடக்கையில் மூலைக்கு மூலை இரு சில்லுகள் பாரம் இழந்து இந்நிலை நேர்கிறது. வரம்பை நேராகவே, மெதுவாகக் கடவுங்கள்.

ஐயமுள்ள இடத்தில் இறங்கி நடந்து பாருங்கள். குதிக்கால் புதையும் நிலத்தில் வானும் புதையும். பழைய டெலிக்கா போன்ற வான்களில் முன்சில்லுகளைச் சேர்க்கும் நெம்புகோலைச் சேற்றில் இறங்குமுன்னரே போடவேண்டும். புதைந்தபின் போடுவது வீண். உலர்ந்த தார் வீதிக்கு வந்ததும் அதனை விலக்குங்கள். திரும்பும்போது முன், பின் சில்லுகள் ஓடும் தூரம் வேறுபடுவதால் பற்சில்லுகள் நெருக்குண்டு கெடும். மணலில், 30 இறாத்தல் காற்றுள்ள ரயரை 20 அளவுக்கு இறக்கினால் அது அகன்று மிதக்கும். வீதியில் ஓடுமுன் மீண்டும் நிரப்புக. குறைந்த காற்றில் விரைந்தோடும் ரயர் சூடேறி வெடிக்கலாம்.

நான்கு சில்லு இழுவை வானை நிறுத்த உதவாது. பிறேக், எல்லா வான்களிலும் நான்கு சில்லையுமே பிடிக்கிறது. மழைநாளில் இதை மறந்து விரைவோர் உளர்.

சில்லு சுழலத் தொடங்கியதும் காலை எடுங்கள். முன்னுள்ள சேற்றை வெட்டி அகற்றி, பனை மட்டைகளைச் சில்லின்கீழ்ச் செருகி, மெதுவாக எடுங்கள். மட்டை பின்னோக்கிப் பாயுமாதலால் பின்னால் எவரும் நிற்றலாகாது.

நெல் நிற்கும் ஈரவயலுக்குள் வானை எக்காரணங்கொண்டும் இறக்காதீர்கள். ரயர் அழுத்திய தடத்தில் மண் இறுகி, வேர் இறங்காது. மூட்டைகளைத் தலைச்சுமையாகக் கல்லுப்பாதைக்குக் கொணர்ந்து அங்கே ஏற்றுங்கள்.