அம்மாவின் மணி நேரத்தைக் குறைத்தது யார்?

கேள்வி: ஐயா, கலிஃபோர்னியாவில் சாண்டா கிளாரா கவுண்டியில் இருக்கிறோம். அம்மாவுக்கு 79 வயது, அமெரிக்கக் குடியுரிமை உண்டு. பக்கவாதம் வந்ததில் இடது கை சரியாக எழவில்லை. மெடிக்கால் என்கிற அரசு மருத்துவ உதவித் திட்டம் மூலம் ஐஎச்எஸ்எஸ் என்கிற வீட்டுப் பராமரிப்பு உதவி, மாதம் 94 மணி நேரம் கிடைத்துவந்தது. தனி அபார்ட்மென்ட்டில் இருந்தவரை எங்கள் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டோம். கவுண்டியிலிருந்து ஒருவர் வந்து பார்த்துப் போனார். அடுத்த மாதம் முதல் 66 மணி நேரம்தான் என்று நோட்டீஸ் வந்திருக்கிறது. அம்மா போகும் முதியோர் மையத்திலும் மதியச் சாப்பாட்டை வாரம் மூன்று நாளாக்கிவிட்டார்கள். கேட்டால் ‘கவுண்டியிலிருந்து பணம் வரவில்லை’ என்கிறார்கள். பணமில்லாமல்தான் அம்மாவின் நேரத்திலும் கை வைக்கிறார்களா? ஊரில் என்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கலாம். இங்கே யாரிடம் போவது?
— வாசகி, சன்னிவேல்

பதில்: இரண்டு பிரச்சினையிலும் கவுண்டி பெயர் அடிபடுகிறது, ஆனால் இரண்டுக்கும் வாசல் வேறு வேறு. அம்மாவின் மணி நேரத்துக்காக கவுண்டித் தலைவர்களிடம் போனால் பொழுதுதான் போகும். மையத்துச் சாப்பாட்டுக்கு அவர்களிடம்தான் போக வேண்டும்.

முதலில் உங்கள் சந்தேகம். ஐஎச்எஸ்எஸ் செலவில் ஏறக்குறைய பாதி வாஷிங்டன் பணம். மீதியை மாநிலமும் கவுண்டியும் பார்த்துக்கொள்கின்றன. 2019-ல் செய்த ஏற்பாட்டின்படி கவுண்டியின் பங்கு ஒரு நிலையான தொகை. ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறும். உங்கள் அம்மாவுக்கு 94 மணி நேரம் கொடுத்தாலும் 66 கொடுத்தாலும் கவுண்டி கட்டுகிற தொகை ஒன்றுதான். இதில் மிச்சம்பிடிக்க அவர்களுக்கு வழியில்லை.

பிறகு ஏன் குறைந்தது? வீடு மாறியதால். வீடு கூட்டித் துடைக்க மாதம் 6 மணி நேரம், கடைக்குப் போக வாரம் 1 மணி நேரம் என்று மாநிலம் ஒரு பொது அளவு வைத்திருக்கிறது. தனியாக இருந்தபோது அது முழுதும் அம்மா கணக்கு. இப்போது நாலு பேர் புழங்குகிற வீடு. சமையலும் ஒன்றாகவே நடக்கும். அதனால் பொது வேலைகளைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்திருப்பார்கள். அதில் வழக்கில்லை. ஆனால் குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது, கழிப்பறைக்குக் கூட்டிப்போவது இவையெல்லாம் அவர் உடம்பைச் சேர்ந்தவை. இவற்றை யாரோடும் பங்கு போடக் கூடாது. நோட்டீஸில் வேலைவாரியாக நேரம் போட்டிருக்கும். குளியலுக்கு எதிரே முன்பைவிடக் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

குறைந்திருந்தால் காரணம், கவுண்டியிலிருந்து வந்து பார்த்த அன்றைக்கு உங்கள் வரவேற்பறையிலேயே நடந்திருக்கும். சோஷியல் வொர்க்கர் ஒவ்வொரு வேலைக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார். 1 என்றால் துணை தேவையில்லை, நேரமும் கிடையாது. ‘நீங்களே குளிப்பீர்களா?’ என்று கேட்டிருப்பார். நம் அம்மாக்கள் என்ன சொல்வார்கள்? ‘எனக்கென்ன, நானே குளிச்சுக்குவேன்.’ யாரோ ஒருவர் முன்னால், அதுவும் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கும்போது, வேறு என்ன சொல்ல வரும்? அந்த ஒரு வாக்கியத்தில் போன நிமிடங்களை நான் நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

இதற்கு வழி மேல்முறையீடு. நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 90 நாளுக்குள் மாநில விசாரணை கேட்கலாம். அதைவிட முக்கியம், குறைப்பு அமலாகும் தேதிக்கு முன்பே கேட்டுவிட்டால் தீர்ப்பு வரும்வரை பழைய 94 மணி நேரமே தொடரும். விசாரிப்பவர் கவுண்டி ஊழியர் அல்ல, மாநில சமூகநலத் துறையின் நீதிபதி. செலவில்லை, தமிழ் மொழிபெயர்ப்பாளர் கேட்டால் தர வேண்டும்.

இனி மதியச் சாப்பாடு. இதில் மத்திய அரசின் 1965-ஆம் ஆண்டு முதியோர் சட்டப் பணம் கொஞ்சம், கவுண்டி தன் பையிலிருந்து போடுவது கொஞ்சம். கவுண்டி சமைப்பதில்லை, மையங்களோடு ஒப்பந்தம் போட்டு, பில்லைச் சரிபார்த்துப் பணம் கொடுக்கிறது. இந்த ‘தன் பை’தான் எப்போதும் இளைத்துக்கிடப்பது. சொத்து வரியை உயர்த்தலாமென்றால் 1978-ல் மக்களே ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய 13-ஆம் முன்மொழிவு கையைக் கட்டியிருக்கிறது: மதிப்பில் 1 சதவீதம், அந்த மதிப்பும் ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. அதனால்தான் 2025-ல் வாஷிங்டன் மெடிக்கால், உணவு உதவிப் பணத்தில் கை வைத்ததும், உங்கள் கவுண்டி அந்த நவம்பரில் வாக்காளர்களிடம் போய் ஐந்தாண்டுக்கு 5/8 சதவீத விற்பனை வரி கேட்டு வாங்கியது.

இந்தப் பையைத் திறப்பவர்கள் ஐந்து பேர். சூப்பர்வைசர்கள் என்று பெயர். மேஸ்திரி என்று நினைத்துவிடாதீர்கள். கவுண்டிக்குச் சட்டமன்றமும் மந்திரிசபையும் அவர்களேதான். கலெக்டரைப் போல மேலிருந்து அனுப்பப்பட்டவர்கள் அல்லர், நீங்கள் ஓட்டுப் போட்டு உட்கார வைத்தவர்கள். கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலை 72 மணி நேரம் முன்பே ஒட்ட வேண்டும், பொதுமக்கள் எவரும் பேசலாம் என்பது சட்டம். கிடைப்பது ஓரிரு நிமிடம். ‘மூன்று நாள் சாப்பாடு, மீதி நாள் பட்டினி’ என்று அம்மாவே சொன்னால் அந்த நேரம் போதும். ஆனால் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. பட்ஜெட் முடிந்தபின் போய் அழுது பயனில்லை. மே மாதமே மைக் முன்னால் நிற்க வேண்டும். இன்னொரு வழியும் உண்டு. கவுண்டியில் சாதாரண மக்கள் 19 பேர் கொண்ட சிவில் கிராண்ட் ஜூரி ஆண்டுதோறும் அமைகிறது. பணம் எங்கே போகிறது என்று துருவுவது இவர்கள் வேலை. யாரும் புகார் எழுதலாம், ரகசியம் காப்பார்கள். ஆனால் அடுத்த வாரமே சாப்பாடு திரும்பி வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

இன்றே நோட்டீஸை எடுத்து அமல் தேதியைப் பாருங்கள். அடுத்த முறை அந்த சோஷியல் வொர்க்கர் வரும்போது அம்மாவை நடிக்கச் சொல்ல வேண்டாம். அவர் ‘இருங்க, காபி போட்டுத் தர்றேன்’ என்று எழுந்திருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.