அட்டப்பாடியில் தாய் சேய் நலம்

கேரள மாநிலத்தின் சிசு மரண விகிதம் 2013ஆம் ஆண்டில் ஆயிரம் பிறப்புகளுக்கு 12. அகில இந்திய விகிதம் அப்போது 40. இத்தகைய சாதனை புரிந்த ஒரு மாநிலத்தின் மலைப்பகுதியில், அதே ஆண்டில், பழங்குடிக் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்த செய்தி நாட்டின் கவனத்தை ஈர்த்தது. பாலக்காடு மாவட்டத்தில், கோவை, நீலகிரி மாவட்டங்களை ஒட்டி அமைந்துள்ள அட்டப்பாடியே அப்பகுதி. மாநிலச் சராசரி எத்தனை ஊர்களை மறைத்து நிற்கக்கூடும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

அகளி, புதூர், சோலையூர் எனும் மூன்று ஊராட்சிகளைக் கொண்ட அட்டப்பாடியின் பரப்பு சுமார் 745 சதுர கிலோமீட்டர். இருளர், முடுகர், குறும்பர் ஆகியோர் இங்கு வாழும் பழங்குடியினர். 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது மக்கள் தொகையில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இவர்களே. 2011இல் பாதிக்கும் குறைவாயினர். குடியேற்றத்தால் நேர்ந்த இம்மாறுதலுடன் நிலமும் கைமாறியது. ராகி, சாமை, துவரை, அவரை, கீரை எனக் கலந்து விதைத்துக் கலந்து உண்ட குடும்பங்கள், காலப்போக்கில் நியாயவிலைக் கடை அரிசியை நம்பி வாழத் தலைப்பட்டன. வயிறு நிறைந்தது, ஆனால் இரும்பும் சுண்ணாம்பும் புரதமும் தட்டிலிருந்து மறைந்தன.

2013ஆம் ஆண்டின் துயரம் மருத்துவமனை இல்லாமையால் நேர்ந்ததன்று. அகளியில் சமுதாய சுகாதார நிலையமும், கோட்டத்தறையில் பழங்குடியினருக்கான சிறப்பு மருத்துவமனையும் அப்போதே இருந்தன. தாய்மார்களின் ஊட்டக்குறைவும் சோகையும், அவற்றின் விளைவாக இரண்டரைக் கிலோவுக்கும் குறைந்த எடையுடன் குழந்தைகள் பிறந்ததும் முக்கியக் காரணங்களாகச் சுட்டப்பட்டன. இவை பிரசவ அறையில் தீர்க்கக்கூடியவை அல்ல. கருவுற்ற மூன்றாம் மாதத்திலேயே ஊருக்குச் சென்று இரத்தத்தைச் சோதித்து, ஒவ்வொரு மாதமும் எடையைப் பார்க்கும் ஊழியரால் மட்டுமே தீர்க்கக்கூடியவை.

இங்குதான் அளவுகோல் ஒன்று இடறுகிறது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று என்பது துணை சுகாதார நிலையத்திற்கு வகுக்கப்பட்ட விதி. விதி தலைகளை எண்ணுகிறது. நடக்கும் மணிகளை எண்ணுவதில்லை. புதூர்ப் பகுதியில் காட்டின் உட்புறத்தே உள்ள குறும்பர் ஊர்களில் மக்கள் சிலரே. எனினும் ஓர் ஊரைப் பார்த்துத் திரும்பச் செவிலிக்கு ஒரு பகல் கழிந்துவிடும்.

2013க்குப் பின்னர் குடும்பஸ்ரீ அமைப்பின் வாயிலாக ஊர்தோறும் சமுதாயச் சமையற்கூடங்கள் தோன்றின. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியோர் முதலானோருக்கு அங்கேயே உணவு சமைத்து வழங்கப்பட்டது. சிறுதானியச் சாகுபடியை மீட்கும் திட்டம் 2017இல் தொடங்கியது. மருந்தகத்தின் கணக்கில் சேராவிடினும், இவ்விரண்டையும் சுகாதாரப் பணிகளாகவே கொள்ளவேண்டும்.

இரு சோகைகள்

அட்டப்பாடியில் சோகைக்கு மற்றொரு காரணமும் உண்டு. அது அரிவாள் செல் சோகை எனும் பரம்பரை நோய். இந்தியாவில் இதன் கூறு முதன்முதலாக 1952இல் அறியப்பட்டது, அண்டையிலுள்ள நீலகிரியின் பழங்குடியினரிடையேதான். இந்நோயில் இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்து, நுண்ணிய நாளங்களை அடைத்துக் கடும் வலியை உண்டாக்கும். சாதாரணச் சிவப்பணு 120 நாட்கள் வாழும். வளைந்த அணுவோ 10 முதல் 20 நாட்களில் அழியும். தாயும் தந்தையும் இக்கூற்றைச் சுமப்பவர்களாயின், ஒவ்வொரு கருவிலும் நோய் தோன்றும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சுமப்பவரோ பெரும்பாலும் நலமாகவே இருப்பார். ஆதலால் சோதனையின்றி அறிய இயலாது.

வெளிறிய இமையைக் கண்டவுடன் இரும்புச்சத்து மாத்திரை தருவது வழக்கம். ஊட்டக்குறைவால் வந்த சோகைக்கு அது பொருந்தும். அரிவாள் செல் நோயாளிக்கு இரும்பு குறைந்துள்ளதா எனச் சோதித்தறிந்த பின்னரே அதைத் தரவேண்டும். ஃபோலிக் அமிலமோ அவருக்கு இன்றியமையாதது. ஒரே ஊரில், அடுத்தடுத்த வீடுகளில், ஒரே தோற்றமுள்ள இரு நோய்கள்! 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய ஒழிப்பு இயக்கம், 40 வயது வரையிலான ஏழு கோடிப் பேரைச் சோதிக்க இலக்கு வகுத்தது. சோதனை முடிவை அட்டையாக வழங்குவதோடு, திருமணத்திற்கு முன்னர் அதன் பொருளை இருளர் மொழியிலேயே விளக்குவதும் இப்பணியில் அடங்கும்.

எல்லையும் பதிவேடும்

ஆனைகட்டியில் மாநில எல்லை குறுக்கிடுகிறது. இருளர் ஊர்களோ இருபுறமும் உள்ளன. பெண் கொடுத்தலும் கொள்ளலும் எல்லை பார்த்து நடப்பதில்லை. அகளியில் பதிவான கர்ப்பிணி தலைப்பிரசவத்திற்குத் தாய்வீடு சென்றால், ஒரு மாநிலத்தின் பதிவேட்டில் 'காணவில்லை' என்றும், மற்றொன்றில் 'பதிவு செய்யாதவர்' என்றும் ஆகிவிடும் நிலை உண்டு. சிக்கலான பிரசவத்திற்குத் திருச்சூரைவிடக் கோவையே அருகில். இரு மாநிலச் செவிலியரும் மாதம் ஒருமுறை பெயர்களை ஒப்பிட்டுக்கொள்வது செலவற்ற ஏற்பாடு.

தெற்கே, இடுக்கி மாவட்டத்தின் தமிழ்நாட்டு எல்லையோரக் காடுகளிலும் இதே தொலைவுப் பிரச்சினை வேறு வடிவில் காணப்படுகிறது. முதுவர் வாழும் இடமலைக்குடி, 2010இல் கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாயிற்று. அப்போது அதற்கு வாகனம் செல்லும் சாலை கிடையாது. நோயாளியைத் தூளி கட்டிச் சுமந்தே மூணாறு வழிக்குக் கொணர்ந்தனர். ஆயினும் 2020இல் கொரோனா பரவியபோது, வெளியாரை அனுமதிப்பதில்லை என அம்மக்கள் தாமே முடிவு செய்தனர். 2021 ஜூலை வரை அங்கு ஒருவருக்கும் தொற்று பதிவாகவில்லை. ஊர்க்கூட்டத்தின் சொல்லுக்கு உள்ள இவ்வலிமையைச் சுகாதாரத் துறை இன்னும் முழுமையாகப் பயன்படுத்தவில்லை எனலாம். அட்டப்பாடியிலும் ஊர் மூப்பனின் ஒப்புதலின்றி நடைபெறும் முகாமுக்குப் பலர் வருவதில்லை.

பேறுகாலத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டின் மலையடிவார ஆரம்ப சுகாதார நிலையங்களில் அமைந்த காத்திருப்பு அறைகள் இங்கு கவனிக்கத்தக்கவை. கர்ப்பிணி சில நாட்களுக்கு முன்னரே அங்கு வந்து தங்குகிறார். உடன் வருபவருக்கும் உணவு உண்டு. இந்த இரண்டாவது ஏற்பாடு சிறியதாகத் தோன்றும். கூலி வேலையை விட்டுத் துணைக்கு வரும் மாமியாரோ கணவனோ பட்டினி கிடக்க நேருமாயின், மூன்றாம் நாளே அனைவரும் மலையேறிவிடுவர்.