பொது நிர்வாகக் கல்வியும் நம் இளைஞரும்

மேனிலைத் தேர்வு முடிவுகள் வெளியானவுடன் நம் இல்லங்களில் ஒரு வினா எழுகின்றது. ‘பிள்ளை ஆட்சிப் பணிக்குச் செல்ல விரும்புகிறான், அதற்கு எந்தப் பட்டம் படிக்க வேண்டும்?’ என்பதே அது. மகளுக்காகவும் இவ்வாறு கேட்கும் பெற்றோரைக் காண்பது மகிழ்ச்சி தருகின்றது. பொறியியல் முடித்துவிட்டுப் பின்னர்த் தேர்வுக்குப் படிப்பதா, தொடக்கத்திலேயே அரசியல் அறிவியலோ பொது நிர்வாகமோ எடுத்துப் படிப்பதா என்பதில் தடுமாற்றம் மிகுதி. இவ்விதழின் பாடமாக அவ்வினாவையே எடுத்துக்கொள்கிறோம்.

விதியை முதலில் காண்போம். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வுக்கு ஏற்புடைய ஏதேனும் ஒரு பட்டம் போதும். தேர்வு ஆண்டின் ஆகஸ்ட் 1-ஆம் நாளில் 21 வயது நிறைந்திருத்தல் வேண்டும். பொதுப் பிரிவினர் 32 வயது வரையில் 6 முறையும், பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் 35 வயது வரையில் 9 முறையும் எழுதலாம். தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தொகுதி 1 தேர்வுக்கும் பட்டமே தகுதி. இன்ன பட்டம் என்னும் வரையறை பொதுவாக இல்லை. ஆகவே, ‘இப்பாடம் படித்தால்தான் ஆட்சியர் ஆகலாம்’ என்று எவரேனும் கூறினால், அது கல்லூரி விளம்பரத்தின் குரல் என்று அறிக.

கட்டாயமில்லை என்பதால் அப்பாடம் வீண் என்று கொள்ளலாகாது. ஆள்வோரைத் தனிக்கல்வி தந்து உருவாக்குவதா, பொதுக்கல்வி பெற்றோரைத் தேர்ந்தெடுத்துப் பின்னர்ப் பயிற்றுவதா என்னும் வழக்கு 200 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி 1806-இல் இங்கிலாந்தில் எய்லிபரிக் கல்லூரியைத் தொடங்கித் தன் வருங்கால அலுவலர்க்குச் சட்டமும் பொருளியலும் கீழை மொழிகளும் கற்பித்தது. மக்கட்பெருக்கம் பற்றி எழுதிய மால்தஸ் அங்கே பேராசிரியர். சென்னையில் 1812-இல் எல்லிஸ் துரையின் முயற்சியால் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி எழுந்தது. இங்கு வந்திறங்கிய இளம் அலுவலர் அதில் தமிழ் முதலிய மொழிகளைக் கற்றனர். எல்லிஸ் திருக்குறளில் தோய்ந்தவர் என்பதை நம் வாசகர் அறிவர்.

1854-இல் மெக்காலே குழு இம்முறையை மாற்றியது. நல்ல பொதுக்கல்வி பெற்ற இளைஞரைப் போட்டித் தேர்வால் தெரிந்தெடுத்து, அதன்பின்பே தொழிற்கல்வி அளித்தல் வேண்டும் என்றது அக்குழு. 1855-இல் இலண்டனில் போட்டித் தேர்வு தொடங்கியது. எய்லிபரிக் கல்லூரி 1858-இல் மூடப்பெற்றது. விடுதலைக்குப் பின்னும் நம் நாடு இவ்வழியிலேயே நடந்தது. எனினும், வீரப்ப மொய்லி தலைமையில் அமைந்த இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம், 2008-இல் அளித்த தன் பத்தாம் அறிக்கையில் மறுவழியைக் காட்டியது. தேசிய அளவில் பொது நிர்வாகக் கல்வி நிலையங்களை நிறுவி, மேனிலைக் கல்வி முடித்தோர்க்கு அங்கே பட்டப்படிப்பு அளித்து, அப்பட்டதாரிகளைக் குடிமைப் பணித் தேர்வுக்கு ஏற்கலாம். பிற பட்டதாரிகள் ஓர் இணைப்புப் படிப்பை முடித்து வரலாம் என்று அது பரிந்துரைத்தது. அப்பரிந்துரை நடைமுறைக்கு வரவில்லை. ஆயினும் அதன் உட்கருத்தை யாம் மதிக்கிறோம். மருத்துவர்க்கு ஐந்தாண்டுக்கு மேல் கல்வி வேண்டும் என்கிறோம். ஓர் ஊரின் நிலம், நீர், பள்ளி, உணவு அனைத்தையும் கையாள்வோர்க்கு மட்டும் தேர்வுக்கு முந்திய ஓராண்டு மனப்பாடம் போதுமா?

இப்பட்டப்படிப்பில் என்ன உண்டு? அரசியல் கோட்பாடு, இந்திய அரசமைப்புச் சட்டம், நிர்வாகக் கோட்பாடு, பொது நிதி, உள்ளாட்சி, பன்னாட்டு உறவு ஆகியன பெரும்பாலான கல்லூரிகளில் அமையும். புள்ளியியலும் பொருளியலும் துணைப்பாடமாகக் கிடைக்குமாயின் அக்கல்லூரியையே தேர்க. கணக்கை அஞ்சி இப்பக்கம் ஒதுங்கும் மாணவர் பலர்; வரவு செலவுத் திட்டத்தைப் படிக்க அஞ்சுவோர் நிர்வாகத்தில் எழுத்தரின் கைப்பாவை ஆவர். நேரில் கல்லூரி செல்ல இயலாதார்க்கு இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலும் பொது நிர்வாகம் பட்டப்பாடமாக உண்டு.

தேர்வில் இதனால் கிட்டும் நேரடிப் பயன் அளவுடையதே. முதன்மைத் தேர்வுக்கு 1750, நேர்காணலுக்கு 275, ஆக 2025 மதிப்பெண்கள். இதில் விருப்பப் பாடம் 500. பொது அறிவின் நான்கு தாள்களுள் அரசமைப்பும் ஆட்சிமுறையும் பற்றிய தாள் 250. ஏனையவற்றுக்கு வரலாறும் புவியியலும் அறிவியலும் கட்டுரைத் திறமும் வேண்டும். பெரும்பயன் வேறிடத்தில் உள்ளது. அதனைச் சொல்லவே இவ்வளவும் எழுதினோம்.

யாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள்களில் கோத்தாரிக் கல்விக் குழுவின் அறிக்கையைப் பாடமாகப் படித்தோம். 1964 முதல் 1966 வரை இயங்கிய அக்குழுவின் தலைவர் தௌலத் சிங் கோத்தாரி. அவர் 1906-இல் உதயப்பூரில் சமணக் குடும்பத்தில் தோன்றியவர், இயற்பியல் அறிஞர், 1961 முதல் 1973 வரை பல்கலைக்கழக மானியக் குழுவின் தலைவர். கல்விக் குழுவால் அவரை அறிந்தோர் பலர். குடிமைப் பணித் தேர்வின் இன்றைய அமைப்புக்கும் அவரே மூலவர் என்பதை அறிந்தோர் சிலரே. 1974-இல் அவர் தலைமையில் ஒரு குழு அமைந்து, 1976-இல் அறிக்கை தந்தது. அதன்படி 1979 முதல் முதல்நிலை, முதன்மை, நேர்காணல் என மூன்று படிகள் ஏற்பட்டன. அதுவரை பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்த தேர்வை, அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் எழுதவும் வழி பிறந்தது. நம் சிற்றூர்ப் பிள்ளை தமிழில் விடை எழுத முடிவது அவ்வறிக்கையின் பயன்.

அவரே அநேகாந்தத்தையும் சியாத்வாதத்தையும் நவீன இயற்பியலின் நிரப்புமைக் கோட்பாட்டோடு ஒப்பிட்டு எழுதியவர். பொருள் பல தன்மையுடையது. ஒரு நோக்கில் நின்று கூறும் கூற்று அந்நோக்கில் மெய். மற்ற நோக்குகளை அறவே மறுக்குங்கால் அதுவே பொய்யாகும். இது நாம் திருக்கோயில் வகுப்புகளில் சிறுவர்க்குச் சொல்லித்தருவது. யானையும் பார்வையற்றோரும் பற்றிய கதையோடு அப்பாடத்தை முடித்துவிடுகிறோம் என்பதே எம் குறை. பொது விவகாரங்களைக் கற்கும் மாணவர்க்கு நயம் என்பது கதையன்று, அன்றாடக் கருவி.

ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். வந்தவாசி, செய்யாறு, ஆரணி வட்டாரங்களில் நம்மவர் பலர் உழவுக்குடியினர். ஏரி நிறையாவிடில் என்னவாகும் என்பதை அவர்கட்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கல்லூரியில் சேரும் மாணவர் தம் ஊர் ஏரி ஒன்றை மூன்றாண்டுக்கும் ஆய்வுப்பொருளாக எடுத்துக்கொள்ளட்டும். முதலில், அது யாருடைய பொறுப்பு? ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு, அதாவது ஏறத்தாழ 100 ஏக்கருக்கு, மேற்பட்டால் நீர்வளத்துறையினுடையது. குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தினுடையது. கிராம நிர்வாக அலுவலரின் ‘அ’ பதிவேட்டில் அதன் புல எண்ணும் பரப்பும் இருக்கும். அடங்கலில் ஆயக்கட்டு வயல்களின் பயிர் விவரம் பசலிதோறும் ஏறியிருக்கும். பதிவேட்டின் பரப்பையும் கண்ணால் காணும் நீர்ப்பரப்பையும் ஒப்பிட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

இரண்டிற்கும் இடையிலுள்ள வேறுபாடு பெரும்பாலும் ஆக்கிரமிப்பு. அங்கே குடிசை கட்டிப் பல்லாண்டு வாழும் நிலமற்ற குடும்பம் ஒன்று இருக்கும். கடைமடையில் நீர் எட்டாத உழவர் ஒருவர் இருப்பார். மீன்பாசிக் குத்தகைக்காரர் நீரைத் தேக்கி வைக்கக் கேட்பார். அறுவடைக்கு நிற்பவர் மதகைத் திறக்கச் சொல்வார். பொறியாளர்க்குக் கரையின் வலிமையே கவலை. ஏரிகளின் பாதுகாப்புக்காகத் தமிழ்நாட்டில் 2007-இல் இயற்றப்பெற்ற சட்டம் ஆக்கிரமிப்பை அகற்றக் கட்டளையிடுகின்றது. அக்குடிசையில் பள்ளி செல்லும் குழந்தை உண்டு என்பது சட்டப் புத்தகத்தில் இராது. இவர்கள் ஒவ்வொருவர் கூற்றும் ஒரு நயம். ஒவ்வொருவரிடமும் சென்று கேட்டு, அவரே ‘ஆம், யான் சொன்னது இதுதான்’ என்று ஒப்பும்படி எழுதப் பழகுதல் வேண்டும். அதன்பின் தம் முடிவைத் தனித்தாளில் எழுதுக. எல்லா நோக்கும் மெய்யென்று கூறி முடிவைத் தவிர்ப்பது அநேகாந்தம் அன்று, அது கோழைமை. முடிவால் இழப்பவர் யார், அவ்விழப்புக்கு ஈடு என்ன என்பதையும் அத்தாளில் எழுதாவிடில் விடை முற்றுப்பெறாது. மதிப்பெண் இடும் பழக்கம் எம்மைவிட்டு இன்னும் போகவில்லை. அவ்வரி இல்லாத விடைக்குப் பாதி மதிப்பெண்ணே தருவோம்.

2013 முதல் முதன்மைத் தேர்வில் அறவியலும் நேர்மையும் 250 மதிப்பெண்ணுக்குத் தனித்தாளாக வந்துள்ளன. பயிற்சி நிலையங்கள் இதற்கென மேலைநாட்டு மேற்கோள்களை மனப்பாடம் செய்விக்கின்றன. நம் வீட்டுப் பிள்ளைக்கு அதனினும் நல்ல துணை உண்டு. இரத்தினகரண்டக சிராவகாசாரத்திலும், அதன்வழி வந்த அருங்கலச்செப்பிலும் அணுவிரதங்களுக்குரிய குற்றங்கள் கூறப்படுகின்றன. கள்ளாமைக்குரிய ஐந்து குற்றங்களைப் பாருங்கள்: களவுக்கு ஏவுதல், களவுப் பொருளைக் கொள்ளுதல், அரசின் முறைமையை மீறுதல், அளவையில் கூட்டிக் குறைத்தல், போலியைக் கலத்தல். தானே திருடுவது மட்டும் களவன்று என்பதே இதன் நுட்பம். பொய்யாமைக்குரிய குற்றங்களுள் பொய் ஆவணம் எழுதுதலும், நம்பி வைத்த பொருளைக் கவர்தலும் உண்டு. அளவுப் புத்தகத்தில் போடாத சாலைக்குக் கையெழுத்திடும் அலுவலர் இவற்றுள் எத்தனை புரிகின்றார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்; எண்ணிச் சொல்வார்கள்.

இனி, பெற்றோர் கேட்கத் தயங்கும் செய்தி. 2024-ஆம் ஆண்டுக் குடிமைப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தோர் ஏறத்தாழ 10 லட்சம். இறுதியில் பரிந்துரைக்கப்பெற்றோர் 1009 பேர். எத்துணை உழைப்பாளியும் தேறாமற் போகக்கூடும். ஆதலால் எத்தனை முறை எழுதுவது, எவ்வயதில் நிறுத்துவது என்பதைப் படிப்புத் தொடங்கும் முன்பே குடும்பத்தார் பேசி முடித்தல் நன்று. மூன்று முறைக்கு மேல் பிற வருவாயின்றி எழுதவேண்டா என்பது எம் கருத்து. முப்பது வயதில் வெறுங்கையோடு நிற்கும் பிள்ளையின் மனநோவைக் கண்டோர் இதனைக் கடுமை என்னார். இப்பட்டத்துக்குப் பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பு, முதுகலை, இதழியல் எனக் கிளைகள் உண்டு. ஆட்சியர் பதவி ஒன்றே பொதுப்பணி என்னும் மயக்கமும் ஒழிய வேண்டும். தொகுதி 4 தேர்வில் தேறிக் கிராம நிர்வாக அலுவலர் ஆகும் பெண், ஒரு கைம்பெண்ணின் பட்டா மாறுதலைக் காலந்தாழ்த்தாது முடித்துக் கொடுத்தால் அஃதும் ஆட்சியே. 2016 முதல் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதியிடம் மகளிர்க்குரியது என்பதையும் நினைவிற் கொள்க.

மகளிர் பற்றிப் பேசியதால் ஒன்று. 1951-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்து சென்னை மாநிலத்துக்கு வந்த அன்னா ராஜம், இலக்கியம் படித்தவர். மணம் புரிந்தால் பணி நீங்கும் என்னும் விதி அவர் காலத்தில் இருந்தது. அவ்விதி இன்று இல்லை. அதே அச்சத்தை நம் வீட்டுப் பெரியோர் மட்டும் இன்னும் வைத்துக்கொண்டிருப்பானேன்?

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதன்மைத் தேர்வின் விடைகளைத் தமிழில் எழுதலாம். ஆனால் முதல்நிலைத் தேர்வின் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலுமே வரும். எனவே ஆங்கிலத்தைப் படித்து உணரும் ஆற்றல் இன்றியமையாதது. மாநிலத் தேர்வுகளில் 2021-ஆம் ஆண்டின் அரசாணைக்குப்பின் தமிழ்த் தகுதித்தாள் கட்டாயம். தொகுதி 4-இல் அத்தாளின் 150 மதிப்பெண்களில் 60 பெறாதார்க்கு எஞ்சிய பகுதி திருத்தப்படாது. ஆங்கிலவழிப் பள்ளியில் பயின்று தமிழைப் பிழையின்றி எழுத அறியாத நம் பிள்ளைகள் இங்கே இடறுகின்றனர்.

முதலாண்டு மாணவர் இவ்வாண்டே செய்யத்தக்கவை சில உள. சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கையின்போது துறைதோறும் வைக்கப்பெறும் கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே கிடைக்கும்; ஏதேனும் ஒரு துறையினதைத் தேர்ந்து முழுவதும் படிக்கலாம். 18 வயது நிறைந்து வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர் கிராம சபையில் அமர்ந்து வினவும் உரிமையுடையவர். சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியன அதற்குரிய நாள்கள். ஏரியின் ஆவணம் கிடைக்காவிடில் 2005-ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்துடன் மனு எழுதுக. விடைக்குரிய காலம் 30 நாள். பசலி ஆண்டு சூன் 30-இல் முடிவதால் அதையொட்டி வட்டாட்சியர் அலுவலகத்தில் ஜமாபந்தி நடைபெறும். கிராமக் கணக்குகள் அனைத்தும் அன்று மேசைக்கு வரும். கோடை விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கும் பிள்ளையை, தம் ஊரின் கணக்கு எடுக்கப்படும் நாளைக் கேட்டறிந்து, கையில் ஒரு குறிப்பேட்டுடன் அங்கே அனுப்பி வையுங்கள்.