அந்த எச்டிஎம்ஐ போர்ட் யாருடையது?

கேள்வி: ஈப்போவில் ஒரு பழைய கேமிங் லேப்டாப் வாங்கினேன், ஐயா. இன்டெல் கிராஃபிக்ஸும் என்விடியா ஜிடிஎக்ஸ் 1050-ம் உள்ளன. விண்டோஸை எடுத்துவிட்டு உபுண்டு 24.04 போட்டேன். லேப்டாப் திரை நன்றாக வருகிறது. எச்டிஎம்ஐயில் மானிட்டரைச் செருகினால் ‘நோ சிக்னல்’. விண்டோஸ் இருந்தவரை இதே மானிட்டரும் கேபிளும் வேலை செய்தன. என்விடியா டிரைவர் போட்டபோது பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். ரீஸ்டார்ட்டில் ஒரு நீலத்திரை வந்தது; புரியாமல் தாண்டிவிட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் எந்நேரமும் பனிமூட்டம். ஈரம் புகுந்து போர்ட் கெட்டிருக்குமோ?
– வாசகர், தானா ராத்தா

பதில்: தம்பி, மலை ஈரத்தின் மேல் பழி போட வேண்டாம். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது: அந்த நீலத்திரை.

உங்கள் லேப்டாப் போன்றவற்றில் இரண்டு சிப்புகள் வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2010-இல் என்விடியா ‘ஆப்டிமஸ்’ என்ற பெயரில் கொண்டுவந்த ஏற்பாடு இது. சாதாரண வேலையை இன்டெல் பார்க்கும். கனமான வேலைக்கு மட்டும் என்விடியா விழிக்கும். லேப்டாப் திரை இன்டெலோடு இணைந்திருக்கும். ஆனால் பல கேமிங் லேப்டாப்களில் எச்டிஎம்ஐ போர்ட்டின் கம்பி நேராக என்விடியாவுக்குத்தான் போகிறது. வீட்டில் இரண்டு தண்ணீர்த் தொட்டி இருந்து, கொல்லைக் குழாய் இரண்டாவது தொட்டியோடு மட்டும் சேர்ந்திருந்தால், முதல் தொட்டி நிரம்பி வழிந்தாலும் கொல்லையில் சொட்டுத் தண்ணீர் வராது அல்லவா? அதே கதைதான்.

என்விடியா டிரைவரைப் போட்டதும், லினக்ஸோடு வரும் ‘நூவோ’ டிரைவர் ஒதுக்கி வைக்கப்படும். ‘செக்யூர் பூட்’ இயங்கும் கணினியோ, தனக்குத் தெரிந்த கையொப்பம் இல்லாத டிரைவரை உள்ளே விடாது. அந்தக் கையொப்பத்தை ஏற்கச் சொல்லத்தான் நீலத்திரை வந்தது. நீங்கள் தாண்டிவிட்டதால் பழைய டிரைவரும் இல்லை, புதியதும் ஏறவில்லை. என்விடியா சிப் இப்போது மேய்ப்பாரின்றிக் கிடக்கிறது.

செய்ய வேண்டியவை:

1. ‘சாஃப்ட்வேர் அண்ட் அப்டேட்ஸ்’ திறந்து, ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ பகுதியில் நூவோவைத் தேர்ந்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். மானிட்டர் இப்போதே எரிந்தால் போர்ட் நலமாக இருக்கிறது என்று பொருள்.

2. மீண்டும் அதே பட்டியலுக்கு வந்து என்விடியா டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். பெயரில் ‘ஓப்பன்’, ‘சர்வர்’ என்று இருப்பவை வேண்டாம். 2022-இல் என்விடியா வெளியிட்ட ஓப்பன் வகை, 2018-இல் வந்த ‘டூரிங்’ தலைமுறைக்கும் அதற்குப் பிந்தியவற்றுக்கும் மட்டுமே. உங்கள் 1050 அதற்கு முந்திய ‘பாஸ்கல்’. ‘டெஸ்டெட்’ என்ற குறிப்புள்ளது இருந்தால் அதையே எடுங்கள்.

3. பாஸ்வேர்டு கேட்டால் எளிதான ஒன்றைக் கொடுத்துக் குறித்து வையுங்கள். ரீஸ்டார்ட்டில் நீலத்திரை வந்ததும் ‘என்ரோல் மாக்’, ‘கன்டினியூ’, ‘யெஸ்’ என்று போய் அதே பாஸ்வேர்டை இடுங்கள். சில நொடிகளில் திரை தானே மறைந்துவிடும், அருகிலேயே இருங்கள்.

4. நீலத்திரை மறுபடி வராமல், டிரைவரும் ஏறாமல் போனால் பயாஸில் செக்யூர் பூட்டை அணைக்கலாம். பாதுகாப்பில் ஒரு அடுக்கு குறையும் என்பதை அறிந்தே செய்யுங்கள்.

5. ‘என்விடியா செட்டிங்ஸ்’ திறந்து, ‘பிரைம் புரொஃபைல்ஸ்’ பகுதியில் ‘ஆன்-டிமாண்ட்’ இருக்கிறதா பாருங்கள். ‘பவர் சேவிங்’ என்றிருந்தால் என்விடியா முற்றாக உறங்கிவிடும். எச்டிஎம்ஐயும் கூடவே உறங்கும்.

படம் வந்தும் நடுங்கினால், லாகின் திரையின் பற்சக்கரக் குறியைத் தொட்டு எக்ஸார்க், வேலண்ட் என்ற இரு காட்சி முறைகளையும் மாற்றிப் பாருங்கள். மானிட்டர் செருகியிருக்கும் நேரமெல்லாம் என்விடியா விழித்திருக்கும். பேட்டரி சீக்கிரம் கரையும் என்பதால் சார்ஜரோடு வேலை செய்யுங்கள்.

இன்னொன்று. பாஸ்கல் சிப்புகளுக்கு 580 வரிசையே கடைசி டிரைவர் என்று என்விடியா 2025-இல் அறிவித்துவிட்டது. எனவே உபுண்டுவின் அடுத்த பதிப்புக்குத் தாவுமுன், அதில் 580 கிடைக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் 24.04-லேயே இருங்கள், 2029 வரை அதற்கு இலவசமாகவே பாதுகாப்பு அப்டேட்டுகள் வரும்.