பாடம் 9: புதுப்பனி நாள்

நுழையும்முன்

தமிழில் 'பனி' என்னும் ஒரே சொல், மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் நீர்த்துளியையும் குறிக்கும்; இமயத்தில் மலைமலையாகக் குவிந்து கிடக்கும் வெண்மையையும் குறிக்கும். இப்பாடம் இரண்டாவது பனியைப் பற்றியது. அதில் சறுக்கி மகிழ விரும்புவோர் கால்களைப் பழக்குவதற்கு முன் மனத்தைப் பழக்க வேண்டும். அது ஏன் என்பதைப் படித்து அறிவோம்.

பனி பொழியும் புல்வெளி

காஷ்மீரின் பாரமுல்லா மாவட்டத்தில், பீர்பஞ்சால் மலைத்தொடரின் மடியில் அமைந்துள்ளது குல்மார்க். 'மலர்களின் புல்வெளி' என்பது இப்பெயரின் பொருள். கோடையில் பெயருக்கேற்பப் பூத்துக் கிடக்கும் இவ்வூர், குளிர்காலத்தில் இந்தியாவின் புகழ்பெற்ற பனிச்சறுக்கு மையமாகிவிடுகிறது. கடல் மட்டத்திலிருந்து இதன் உயரம் ஏறத்தாழ 2,650 மீட்டர்.

நீலகிரியின் தொட்டபெட்டா சிகரமும் ஏறத்தாழ இதே உயரம்தான். ஆயினும் அங்குக் குளிர்கால விடியலில் புல்லின்மேல் உறைபனி படிவதோடு சரி. பனிக்குவியல் காணக் கிடைக்காது. தொட்டபெட்டா நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 11 பாகையில் உள்ளது. குல்மார்க் 34 பாகையில் உள்ளது. உயரம் ஒன்றாயினும் இருப்பிடம் வேறு. அதனால் குளிரும் வேறு.

மத்தியதரைக் கடற்பகுதியிலிருந்து வரும் காற்றுச் சுழற்சிகளை வானிலை அறிஞர் 'மேற்கத்திய இடையூறுகள்' என்பர். ஈரத்தைச் சுமந்துவரும் அக்காற்று மலைத்தொடரில் மோதி மேலெழுந்து, குளிர்ந்து, பனியாகப் பொழிகிறது. டிசம்பர் 21 அன்று தொடங்கும் 40 நாள் கடுங்குளிர்க் காலத்திற்குக் காஷ்மீர மக்கள் 'சில்லை கலான்' என்று பெயரிட்டுள்ளனர். 'பெரன்' என்னும் நீண்ட அங்கிக்குள் 'காங்கிரி' என்னும் தணற்சட்டியை வைத்துக்கொண்டு அவர்கள் அக்குளிரைக் கடக்கின்றனர்.

உலர்ந்த மாவு போன்ற பனி

இரவெல்லாம் பனி பொழிந்து, விடியலில் வானம் வெளுத்துவிட்ட ஒரு நாளுக்காகப் பனிச்சறுக்குவோர் ஆண்டு முழுவதும் காத்திருப்பர். கடுங்குளிரில் விழும் புதுப்பனி, உலர்ந்த மாவைப் போன்றது. கையில் அள்ளி அழுத்தினால் உருண்டையாகாது, ஊதினால் பறந்துவிடும். ஒவ்வொரு பனிப்படிகமும் பல கிளைகளை விரித்து நிற்பதால், படிகங்களுக்கு இடையே காற்று நிறைந்திருக்கும். ஒரு கனமீட்டர் நீரின் எடை 1,000 கிலோகிராம். அதே அளவு புதுப்பனியோ பெரும்பாலும் 100 கிலோகிராமைக்கூட எட்டுவதில்லை. அதன் பத்துப் பங்கில் ஏறத்தாழ ஒன்பது பங்கு காற்றே.

இப்பனியில் இறங்குவோருக்குத் தரையில் சறுக்கும் உணர்வு தோன்றாது. மேகத்தின்மேல் மிதப்பது போலவே இருக்கும். சறுக்குப் பலகைகளின் ஓசை அடங்கிவிடும். ஒவ்வொரு திருப்பத்திலும் பனித்துகள் முழங்கால் வரை எழுந்து பின்னால் சிதறும்.

இவ்வின்பம் நெடுநேரம் நிலைப்பதில்லை. வெயில் ஏறினால் பனி ஈரமாகிக் கனக்கும். காற்று வீசினால் இறுகும். பலர் சறுக்கினால் குலைந்துபோகும். ஆகவே, யாரும் கால் வைக்காத மலைச்சரிவில் முதல் தடம் தம்முடையதாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரும் விரும்புவர். விரைவு இங்குதான் பிறக்கிறது.

காத்திருக்கும் கூட்டம்

குல்மார்க்கில் 'கோண்டோலா' எனப்படும் கம்பிவட ஊர்தி இரண்டு கட்டங்களாக இயங்குகிறது. 1998-இல் தொடங்கிய முதற்கட்டம், 3,000 மீட்டருக்கு மேலுள்ள கோங்தூரி வரை செல்கிறது. 2005-இல் தொடங்கிய இரண்டாம் கட்டம், 4,000 மீட்டரை நெருங்கும் அபர்வத் மலைத்தோள் வரை செல்கிறது. சறுக்குவோர் ஏங்குவது இந்த இரண்டாம் கட்டத்திற்கே.

புதுப்பனி விழுந்த காலையில் கோண்டோலா நிலையத்தைக் கற்பனை செய்து பாருங்கள். தங்மார்க்கிலிருந்து ஏறும் மலைப்பாதையில், சக்கரங்களில் சங்கிலி பூட்டிய வண்டிகள் ஊர்ந்து வருகின்றன. பலகைகளைத் தோளில் சுமந்த வெளிநாட்டினர், வாழ்வில் முதன்முறையாகப் பனியைத் தொட வந்த குடும்பங்கள், சறுக்குவண்டி இழுக்கும் உள்ளூர்த் தொழிலாளர், வழிகாட்டிகள் என எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். அப்போது அறிவிப்பு வருகிறது: "இரண்டாம் கட்டம் இன்னும் திறக்கப்படவில்லை."

வரிசையில் முணுமுணுப்பு எழுகிறது. "வானம் தெளிந்துவிட்டதே! காற்றும் ஓய்ந்துவிட்டதே! இன்னும் எதற்காகக் காக்க வேண்டும்?"

இக்கேள்வியை வெறும் பொறுமையின்மை என்று ஒதுக்கிவிட முடியாது. தொலைவிலிருந்து வந்தோருக்கு அன்று ஒருநாளே விடுமுறையாக இருக்கலாம். வழிகாட்டிக்கும் சறுக்குவண்டித் தொழிலாளிக்கும் பனிக்காலமே வருவாய்க் காலம். 2024 ஜனவரியில் பல வாரங்கள் பனியே பொழியாமல் குல்மார்க் சரிவுகள் பழுப்பு நிறத்தில் கிடந்தன. அத்தகைய வறட்சிக்குப் பின் பனி விழும்போது, கதவு மூடியிருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு குடும்பத்தின் வருவாயில் குறைவாகிறது. இவ்வளவு தெரிந்திருந்தும் கதவை மூடி வைக்கிறார்களே, ஏன்?

மறைந்திருக்கும் அடுக்கு

மலைமேல் பனி ஒரே திணிவாகக் கிடப்பதில்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. தெளிந்த வானமுடைய நீண்ட குளிர் இரவுகளில், பழைய பனியின் படிகங்கள் உருமாறிச் சர்க்கரை மணிகளைப் போல ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்கும். அவற்றின்மேல் புதுப்பனி பெருஞ்சுமையாய் வந்து அமரும். காற்று அப்புதுப்பனியை இறுக்கிப் பலகைபோல் ஆக்கிவிட்டால், அடியிலுள்ள தளர்ந்த அடுக்கு எப்போது முறியும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல இயலாது. ஒரு மனிதரின் எடையே அதை முறிக்கப் போதுமானதாகலாம். அடுக்கு முறிந்ததும் மேலுள்ள பனி முழுவதும் பிளந்து கீழே பாய்வதே பனிச்சரிவு.

பெரும்பாலான பனிச்சரிவுகள் 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த மலைச்சரிவுகளில் நிகழ்கின்றன. உங்கள் வீட்டு மாடிப்படியின் சாய்வு ஏறத்தாழ 30 பாகைக்கு மேல் இருக்கும். சறுக்குவதற்கு மிக இனிய சரிவும் அதே சாய்வுடையதுதான். பனி பொழியும்போதும் பொழிந்த பின் ஓரிரு நாளும் இடர் மிகுந்திருக்கும். அதாவது, சறுக்குவதற்கு மிகச் சிறந்த நாளும் மிக இடர் மிகுந்த நாளும் பெரும்பாலும் ஒரே நாளாக அமைகின்றன. வானம் தெளிந்தது என்பதால் அடியிலுள்ள அடுக்கு உறுதியாகிவிடாது.

2010 பிப்ரவரி 8 அன்று கிலன்மார்க் பகுதியில், இராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பள்ளியில் பயிற்சி பெற்ற வீரர்கள் மீது பனிச்சரிவு பாய்ந்தது. 17 வீரர் உயிரிழந்தனர். 2023 பிப்ரவரி 1 அன்று அபர்வத் சரிவில் போலந்து நாட்டுச் சறுக்குநர் இருவர் உயிரிழந்தனர். மலையைப் பழகியோரையும் மலை ஏமாற்றும் என்பதற்கு இவை சான்றுகள்.

பனியில் புதைந்தவரை ஏறத்தாழ 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி. அதன்பின் அது விரைந்து குறைகிறது. ஊரிலிருந்து மீட்புக்குழு வந்து சேர்வதற்குள் அந்நேரம் கடந்துவிடலாம். எனவே, உடன் வந்த தோழரே முதல் மீட்பர். இதற்காகவே மலைக்குச் செல்வோர் மூன்று பொருள்களைத் தவறாமல் கொண்டு செல்வர்: புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சைகைக் கருவி, பனிக்குள் குத்தித் தேட உதவும் நீண்ட துழாவுகோல், தோண்டுவதற்கு ஒரு சிறு மண்வாரி. ஆபத்தான சரிவை அவர்கள் ஒவ்வொருவராகவே கடப்பர். ஒருவர் கடக்கும்போது மற்றவர்கள் பாதுகாப்பான இடத்தில் நின்று அவர்மீது கண் வைத்திருப்பர்.

திறக்கும் கதவு

கீழே கூட்டம் முணுமுணுக்கும் அவ்வேளையில், மேலே ரோந்துக் குழுவினர் உழைத்துக்கொண்டிருக்கின்றனர். பனியில் குழி தோண்டி அடுக்குகளைச் சோதிக்கின்றனர். காற்று எத்திசையில் பனியைக் குவித்துள்ளது என்று ஆராய்கின்றனர். உலகின் பல சறுக்கு மையங்களில், ஆளில்லாத நேரத்தில் வெடிவைத்துத் தளர்ந்த பனியை முன்னதாகவே சரியச் செய்வதும் உண்டு. அவர்கள் 'சரி' என்றால் கதவு திறக்கும். 'இல்லை' என்றால் அன்று முழுவதும் மூடியே இருக்கும். கதவு திறந்தாலும், குழுவினர் காவல் செய்யும் எல்லைக்கு வெளியே உள்ள சரிவுகளுக்கு அந்த 'சரி' பொருந்தாது.

கதவு மூடியிருக்கும் நாள் வீணான நாளன்று. கீழே உள்ள மென்சரிவுகளில் பயில்வோர் பலர். குல்மார்க் சரிவுகளில் சிறுவயது முதல் பழகிய முகமது ஆரிஃப் கான், 2022-இல் பெய்ஜிங்கில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் சார்பில் பங்கேற்ற ஒரே வீரர். பெருஞ்சரிவு வளைவோட்டத்தில் அவர் 45-ஆம் இடம் பெற்றார். பனிக்காலம் ஆண்டுக்குச் சில மாதங்களே நீடிக்கும் நாட்டில், அவ்விடத்தை அடையப் பல குளிர்காலங்கள் வேண்டியிருந்தன.

'பதறாத காரியம் சிதறாது' என்பது நம் முன்னோர் வழக்கு. மலைமேல் இது அறிவுரை மட்டுமன்று. உயிர் காக்கும் விதியுமாகும். முதல் தடத்தை இழந்தவருக்கு அடுத்த பனிப்பொழிவு உண்டு. எனவே, "இன்று வேண்டாம்" என்று சொல்லும் வழிகாட்டி, தம் ஒருநாள் கூலியைக் கொடுத்து நம் உயிரைக் காக்கிறார் என்பதை நாம் உணர வேண்டும்.

சொல்லும் பொருளும்

தணற்சட்டி – நெருப்புத் துண்டுகள் இட்ட சட்டி
பாகை – கோணத்தின் அளவு
படிகம் – ஒழுங்கான வடிவுடைய திண்பொருள்
துழாவுகோல் – உள்ளே செலுத்தித் தேடும் கோல்
இடர் – ஆபத்து, துன்பம்

மொழியை அறிவோம்

பனி + பொழிவு = பனிப்பொழிவு
பனி + சறுக்கு = பனிச்சறுக்கு
பனி + துகள் = பனித்துகள்
பனி + மலை = பனிமலை

முதல் மூன்று சொற்களில் வல்லினம் மிகுந்துள்ளது. நான்காவதில் வருமொழி மெல்லினத்தில் தொடங்குவதால் மிகவில்லை. 'பனி பொழிந்தது' என்னும் தொடரில் 'பனி' எழுவாய். எழுவாயை அடுத்து வல்லினம் மிகாது.

செய்து பார்ப்போம்

ஒரு தட்டில் சர்க்கரையை மெல்லியதாகப் பரப்புக. அதன்மேல் கோதுமை மாவைத் தடிமனாக இட்டு, கையால் மெல்ல அழுத்துக. தட்டின் ஒரு முனையைச் சிறிது சிறிதாக உயர்த்துக. மாவு எப்போது நகர்கிறது? கோணமானியால் அளந்து எழுதுக. சர்க்கரை இல்லாமல் மீண்டும் செய்து, இரண்டையும் ஒப்பிடுக.

பயிற்சி

1. தொட்டபெட்டாவும் குல்மார்க்கும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருந்தும் பனி வேறுபடுவது ஏன்?
2. புதுப்பனி எடை குறைந்திருப்பதற்குக் காரணம் யாது?
3. 'உடன் வந்த தோழரே முதல் மீட்பர்' – விளக்குக.
4. பிரித்து எழுதுக: பனிச்சரிவு, பனிக்காலம், பனிப்படிகம்.
5. சிந்தித்து எழுதுக: நீங்கள் கோண்டோலா நிலையத்தில் பணிபுரிகிறீர்கள். தொலைவிலிருந்து வந்த ஒரு குடும்பமும், பல நாள் வேலையின்றி இருந்த ஒரு வழிகாட்டியும் கதவைத் திறக்குமாறு வேண்டுகின்றனர். அவர்கள் மனம் நோகாதவாறு என்ன சொல்வீர்கள்? பத்து வரிகளில் உரையாடலாக எழுதுக.
6. வீட்டில் பெரியோரைக் கேட்டு, பொறுமையைப் பற்றிய வேறு இரண்டு பழமொழிகளை எழுதி வருக.