வேளச்சேரியும் மடிக்கேரியும்

அன்புள்ள கயலுக்கு,

"சேரி என்றால் குடிசைப் பகுதிதானே மாமா? அடுக்குமாடிகள் நிறைந்த வேளச்சேரிக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?" என்று கேட்டிருந்தாய். சேலையூரிலிருந்து நீ நாள்தோறும் போய்வரும் வேளச்சேரி சாலையின் பெயரிலேயே ஒரு நல்ல மொழியியல் பாடம் இருக்கிறது.

அதற்கு முதலில் குடகுக்குப் போவோம். குடகு மலையின் தலைநகர் மடிக்கேரி. முத்துராஜன் என்ற அரசன் அமைத்ததால் 'முத்துராஜன கேரி' என்பார்கள். கன்னடத்தில் கேரி என்றால் தெரு. நம் சேரியும் அவர்கள் கேரியும் ஒரே சொல்தான். ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் இப்படிச் சொல்லவில்லை. நம் செவி அவர்களுக்குக் கிவி, நம் செய் அவர்களுக்குக் கெய், செம்மைக்குக் கெம்பு. இகரம், எகரம் போன்ற உயிர்களுக்கு முன் பழைய ககரம் தமிழில் சகரமாயிற்று. கன்னடத்தில் மாறாமல் நின்றது. கிளி, கேள் போல நாவளை ஒலி அடுத்து வந்தால் தமிழிலும் ககரம் மாறாது. ஒரு சொல்லில் பார்த்தால் தற்செயல். பல சொற்களில் ஒரே சீராக நடந்தால் அது விதி.

இந்த விதி நமக்குப் பழகிய ஒரு விளக்கத்தையும் அசைக்கிறது. 'சேர்ந்து வாழும் இடம் சேரி' என்று பலரும் சொல்வார்கள். ஆனால் சேர் என்பது கன்னடத்தில் சேரு. அங்கே ககரம் இல்லை. ஆகவே சேர் வேறு, சேரி வேறு. பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இரண்டையும் தனித்தனித் தலைப்பில்தான் வைத்திருக்கிறது.

ஜெர்மானிய மொழிகளிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் 'டவுன்' நகரம். டச்சில் அதே சொல் தோட்டம். ஜெர்மனில் 'ட்சௌன்' வேலி. வேலியில் தொடங்கிய பொருள் வேலிக்குள் இருக்கும் தோட்டத்துக்கும் ஊருக்கும் பரவியது. ஆங்கிலத்தின் டகரம் ஜெர்மனில் 'ட்ச' ஆவதும் விதிதான்: பத்து என்பதற்கு ஆங்கிலத்தில் டென், ஜெர்மனில் ட்சேன். நம் மொழிகளுக்குத் திரும்பினால், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவை தமக்குள் உறவுடையவை, வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்று 1816-இல் அச்சில் காட்டியவர், சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். வேளச்சேரி தண்டீசுவரர் கோயிலின் சோழர் காலக் கல்வெட்டுகளில் இந்த ஊர் வெளிச்சேரி. அது ஒரு சதுர்வேதிமங்கலம், அதாவது பிராமணர்களுக்குக் கொடுத்த ஊர். உத்திரமேரூரின் குடவோலைக் கல்வெட்டிலும் பிராமணர் தெருக்களுக்குப் பெயர் சேரி. தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் 1014-இல் 400 ஆடல் மகளிரைக் குடியமர்த்திய இடம் தளிச்சேரி. அதே கோயில் கல்வெட்டுகளில் கம்மாணச்சேரி, ஈழச்சேரி, பறைச்சேரி எல்லாம் வருகின்றன. சாதிக்கொரு குடியிருப்பு என்ற பிரிவினை அன்றே இருந்தது. ஆனால் சேரி என்ற சொல் எல்லோருக்கும் பொதுவாக இருந்தது.

பிற்காலத்தில் 'ஊர் வேறு, சேரி வேறு' என்றானது. ஒடுக்கப்பட்டவர்களை எல்லைக்கு வெளியே நிறுத்தியவர்கள், பொதுச்சொல்லையும் அவர்கள் தலையில் மட்டும் கட்டினார்கள். நகரம் வளர்ந்தபோது அது குடிசைப் பகுதிக்குப் பெயராகி, வசைச்சொல்லாகவும் ஆனது. இழிவு அந்தச் சொல்லிலும் இல்லை, அங்கே வாழ்பவர்களிடமும் இல்லை. ஒதுக்கி வைத்தவர்களின் மனத்தில் இருந்தது.

உன் வகுப்பில் யாராவது 'சேரி' என்று சொல்லி ஒருவரை மட்டம் தட்டினால், பேசாமல் இருந்துவிடாதே. இந்த வரலாற்றை எடுத்துச் சொல். மடிப்பாக்கம், மேடவாக்கம், நன்மங்கலம் என்று உன்னைச் சுற்றி இருக்கும் ஊர்ப் பெயர்களையும் விசாரித்துப் பார். கேட்டதும் பிடித்துப்போகும் விளக்கத்தை உடனே நம்பிவிடாதே. கல்வெட்டையும் பக்கத்து மொழியையும் ஒருமுறை கேட்டுவிட்டு முடிவு செய்.

அன்புடன்,
மாமா