ஹெட்போன் வாங்கப் போறீங்களா? விலைக்கு முன்னாடி எடையைப் பாருங்க

கோட்டுச்சேரிமேட்டிலிருந்து தினமும் காரைக்காலுக்கு பஸ்ல வேலைக்குப் போறவங்களுக்கு முதல் கணக்கு எடைதான். சோனி சிஎச்720என் 192 கிராம்; எக்ஸ்எம்5 250 கிராம். நம்ம கடலோரப் புழுக்கத்துல இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும்.

இரைச்சல் குறைப்பு வசதி எஞ்சின் உறுமலை அடக்கும். பக்கத்து சீட் பேச்சை அவ்வளவா அடக்காது. எக்ஸ்எம்5-ல இருக்கிற எல்டாக் என்ற உயர்தர புளூடூத் முறை ஐபோன்ல வேலையே செய்யாது. ஒலியைச் சோதிக்க, மனப்பாடமான இளையராஜா பாட்டு ஒண்ணு போதும்: பேஸ் கிட்டார் குரலை மூடக்கூடாது.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’யா? வட்டியைத் தள்ளுபடியா கழிச்சாலும், அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி உங்க கார்டுலதான் ஏறும். அப்புறம், வியர்வையில உரியுறது காது மெத்தை. மாற்று மெத்தை என்ன விலைன்னு ஆர்டர் போடுறதுக்கு முன்னாடியே தேடிப் பாருங்க.